இம்ப்ரெஷனிச ஓவியமும் நம் ஊர் வெளிச்சமும்

வருணனைக் கட்டுரை திருத்தும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆகியிருக்கும். 'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பியவாறு கீழ்வானில் உதித்தான்.' கதை பீடோரில் நடந்தாலும் பினாங்கில் நடந்தாலும் அதே கதிரவன்தான், அதே பொற்கதிர்கள்தான். வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. அதனால் மாணவனிடம், 'இது தப்பு' என்று சொல்லவும் முடியாது. ஆனா ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும். இந்த மாணவன் உண்மையிலேயே அந்தக் காலையைப் பார்த்தானா?

ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் நகரத்து ஓவியர்கள் சிலர் தங்கள் காலத்து ஓவியங்களைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இம்ப்ரெஷனிசம். தமிழில் மனப்பதிவுவாதம் என்றும் எழுதுவார்கள். காட்சிக்கலைக் கல்வி எடுக்கும் மாணவர்களுக்கு இது பாடப்பொருள். தமிழ் எடுக்கும் மாணவர்களுக்கு இது பார்வைப் பயிற்சி. இந்த வரலாறு நம் பேராக் மண்ணுக்கும் வந்து சேர்கிறது என்பதால் இரு சாராருக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறேன்.

1. கேலியில் பிறந்த பெயர்

19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் ஓர் ஓவியர் பேர் எடுக்க வேண்டுமானால் 'சலோன்' எனப்படும் அரசுசார் கண்காட்சியில் இடம் கிடைக்க வேண்டும். எந்தப் படம் உள்ளே வரலாம் என்று முடிவு செய்ய ஒரு தேர்வுக் குழு இருந்தது. புராணம், போர், மன்னர் வரலாறு ஆகியவையே உயர்ந்த கருப்பொருள்கள். தூரிகை பட்ட தடமே தெரியாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். படத்தை அறைக்குள் உட்கார்ந்துதான் முடிப்பார்கள்.

இதில் சலித்துப்போன ஓவியர்கள் ஒன்றுகூடித் தாங்களே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 1874 ஏப்ரல் 15ஆம் நாள், பாரிஸ் கப்புசின் பெருஞ்சாலையில் 35ஆம் எண் கட்டடத்தில் அது தொடங்கியது. நதார் என்ற புகைப்படக்காரர் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த இடம் அது. சுமார் 30 பேர் பங்கெடுத்தார்கள். மோனே, ரெனுவார், பிசாரோ, சிஸ்லே, டெகா, செசான், பெர்த் மொரிஸோ என இன்று உலகம் அறிந்த பெயர்கள் பல அந்தப் பட்டியலில் இருந்தன.

க்ளோட் மோனே வைத்த படங்களில் ஒன்று லெ ஹாவ்ர் துறைமுகக் காட்சி. மங்கலான நீலச்சாம்பல் மூட்டம், அதற்குள் ஆரஞ்சு நிறச் சூரியன், தண்ணீரில் அதன் பிம்பம், இரண்டு மூன்று படகுகள். 1872ஆம் ஆண்டு என்று அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த பெயர், 'மனப்பதிவு: சூரிய உதயம்'. லூயி லெரோய் என்ற பத்திரிகையாளர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் எல்லோரும் 'மனப்பதிவுக்காரர்கள்' என்று நையாண்டி எழுதினார். படம் முடிக்கத் தெரியாதவர்கள் என்பதுதான் கேலியின் உட்பொருள். அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. 1886 வரை மொத்தம் எட்டுக் கண்காட்சிகள் நடந்தன.

எட்டிலும் கலந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான், கமீல் பிசாரோ. 1830இல் கரிபியன் கடலில் இருக்கும் செயின்ட் தாமஸ் தீவில் பிறந்தவர். அப்போது அது டென்மார்க்கின் காலனி. ஆக, இந்த இயக்கத்தின் மூத்தவர் ஒரு காலனித் தீவிலிருந்து போனவர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெர்த் மொரிஸோ என்ற பெண் ஓவியர் எட்டில் ஏழு கண்காட்சிகளில் பங்கெடுத்தார்.

2. ஏன் அந்தக் காலத்தில்?

'மோனேவுக்குத் திறமை இருந்தது, அதனால் வரைந்தார்' என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. வெளிச்சம் ஆதியிலிருந்தே இருக்கிறது. அதை வெளியில் நின்று வரைவது 1860, 70களில் ஏன் இத்தனை பேருக்குச் சாத்தியமானது? முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, வண்ணக் குழாய். அதற்கு முன் கலந்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சவ்வுப்பையில் கட்டி வைப்பார்கள். ஓட்டை போட்டுப் பிதுக்கினால் பிறகு சரியாக மூட முடியாது, வண்ணம் காய்ந்துவிடும். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி மூடக்கூடிய குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பற்பசைக் குழாய் மாதிரிதான். அந்தக் குழாய் எதில் செய்யப்பட்டது தெரியுமா? ஈயத்தில். நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் வெட்டி எடுத்தார்களே, அதே வெள்ளீயம். அது லேசானது, வளையும், துருப்பிடிக்காது. பையில் பத்துக் குழாயைப் போட்டுக்கொண்டு வயல்வெளிக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, இரயில். பாரிஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய் வரைந்துவிட்டு மாலையில் வீடு திரும்ப முடிந்தது.

மூன்றாவது, நிற அறிவியல். மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். கறுப்புச் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருக்கும் நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. ஒரு நிறம் தனியாக இல்லை, பக்கத்து நிறத்தோடு சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரிகிறது என்ற விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். தொழிற்சாலைகளில் புதிய நீலம், பச்சை, மஞ்சள் வண்ணங்களும் அந்த நூற்றாண்டில்தான் செய்யப்பட்டன. ஓவியர்களுக்கு வேறென்ன வேண்டும்?

3. நிழல் கறுப்பு இல்லை

இம்ப்ரெஷனிசம் என்றால் மங்கலாக வரைவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவது, தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிடுவது. அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். நிழல் எந்த நிறம் என்று கேட்டால் வகுப்பே 'கறுப்பு' என்று சொல்லும். உச்சி வெயிலில் வெள்ளைச் சுவரின் மேல் விழும் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் வெயில் படாத அந்த இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டும் போகிறது. அதனால் நிழலில் நீலம் கலந்திருக்கும். மோனேயும் ரெனுவாரும் நிழலை நீலத்திலும் ஊதாவிலும் வரைந்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனா கண் சொன்னது ஓவியர் பக்கம்தான்.

அடுத்தது, உடைந்த தீற்றல். வண்ணங்களைத் தட்டில் நன்றாகக் குழைத்தால் அவை மங்கிப்போகும். நீலத்தையும் ஆரஞ்சையும் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தண்ணீரின் பளபளப்பை இப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

'சூரிய உதயம்' ஓவியத்தை வைத்து வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். அதன் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும்! சூரியனும் சுற்றியுள்ள வானமும் பிரகாசத்தில் கிட்டத்தட்டச் சமம், நிறத்தில் மட்டுமே வேறு. ஹார்வர்ட் பல்கலைக்கழக நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார். மூளையில் நிறத்தை உணரும் பகுதி சூரியனைப் பார்க்கிறது, வெளிச்ச அளவை உணரும் பகுதிக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. அதனால்தான் அந்தச் சூரியன் துடிப்பது போல் இருக்கிறது. விடியற்காலையின் நிச்சயமில்லாத மனநிலை அந்தத் துடிப்பில் இருக்கிறது. 'சோகம்', 'மகிழ்ச்சி' என்று மோனே எங்கும் எழுதி வைக்கவில்லை. நிறங்களுக்கு இடையிலான உறவுதான் மனநிலையைச் சொல்கிறது.

பிற்காலத்தில் மோனே ஒரே பொருளைப் பல வேளைகளில் வரைந்தார். 1890, 91இல் வைக்கோற்போர்கள். 1892இலிருந்து 1894 வரை ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பு, 30க்கும் மேற்பட்ட படங்கள். காலையில் நீலம், நண்பகலில் வெளுத்த மஞ்சள், மாலையில் ஆரஞ்சும் சாம்பலும். அந்தத் தேவாலயம் சுண்ணாம்புக்கல்லால் ஆனது. ஈப்போவுக்குப் போகும் வழியில் கோப்பெங் தாண்டினால் தெரிகிற குன்றுகளும் சுண்ணாம்புக்கல்தான். அதே கல், அதே வித்தை. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அந்தக் குன்றைப் பார்த்தவர்களுக்கு, மோனே ஏன் ஒரு படத்தோடு நிறுத்தவில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

4. உழைப்பவர் மேல் விழுந்த வெளிச்சம்

தாமரைக் குளம், குடை பிடித்த பெண்கள், உல்லாசப் படகு. இம்ப்ரெஷனிசம் என்றால் நாட்காட்டியில் வருவது இவைதான். உழைப்பையும் அவர்கள் வரைந்தார்கள். கஸ்தாவ் கேயபோத் வரைந்த 'தரை இழைப்பவர்கள்' படத்தை 1875இல் சலோன் நிராகரித்தது. 1876இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சியில் அது இடம்பெற்றது. மேலாடை இல்லாத மூன்று தொழிலாளிகள் மண்டியிட்டு மரத்தரையை இழைக்கிறார்கள். சன்னல் வெளிச்சம் அவர்கள் முதுகிலும் தரையிலும் படுகிறது. மன்னர்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்த வெளிச்சம் கூலிக்காரரின் முதுகில் விழுந்தது பலருக்குப் பிடிக்கவில்லை.

மோனேயும் 1875இல் 'நிலக்கரி இறக்குபவர்கள்' என்றொரு படம் வரைந்தார். படகிலிருந்து கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகைகளில் கூடை சுமந்து வரிசையாக நடக்கும் மனிதர்கள். முகம் தெரியாது. புகைமூட்டத்தில் கறுத்த உருவங்கள் மட்டும். இந்தப் படத்தைப் பார்க்கும் நம் பேராக் மாணவனுக்குத் தாத்தா, பாட்டி சொன்ன ஈயலம்பக் கதைகள் நினைவுக்கு வரலாம்.

5. 1877: கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள்

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1877 ஏப்ரலில் பாரிஸில் மூன்றாவது கண்காட்சி நடந்தது. புகை நிறைந்த சான் லசார் இரயில் நிலையத்தை மோனே வரைந்த படங்கள் அதில் இருந்தன. அதே 1877இல்தான் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. ஒன்றுக்கொன்று நேரடித் தொடர்பு இல்லை. ஆனா இரண்டும் ஒரே தொழிற்புரட்சி உலகத்தின் பிள்ளைகள். பாரிஸ் ஓவியர் கையில் ஈயக் குழாயும் இரயில் சீட்டும் கொடுத்த அதே உலகம், நம் முன்னோர் கையில் பால் வெட்டும் உளியைக் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் உலகத்தின் ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் பல பகுதிகள் பால்மரக் காடாயின.

அந்தப் பால்மரக் காட்டின் வெளிச்சம் எப்படிப்பட்டது? இதை நம் மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் இருட்டோடு எழுந்து, பெரட்டு முடித்து நிரைக்குப் போவார்கள். அரையிருட்டில் மனிதக் கண்ணுக்கு நிறம் தெரியாது. முதல் சில மரங்கள் வெறும் சாம்பல்தான். வெட்டிக்கொண்டே போகப்போகத்தான் பட்டை பழுப்பாகும், இலை பச்சையாகும், மங்கில் விழும் பால் வெள்ளையாகும். வரிசையாக நட்ட மரங்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக விழும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை சிவந்து பழுத்துக் கொட்டும். நிழலாக இருந்த காடு திடீரென்று வெளுத்துப் போகும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து விடும். வருடத்துக்கு ஒரு தரம் ஒரு முழுத் தோட்டமே நிறம் மாறியது. இன்று அந்த இடங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் ஆகிவிட்டன. செம்பனையின் நிழல் வேறு மாதிரி, அடர்த்தியானது. பால்மர வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

6. பினாங்கில் ஒரு மூடிய கதவு

இம்ப்ரெஷனிசம் என்ற பெயர் மலாயாவுக்கு 1920களில் வந்தது. பினாங்கில் 'பினாங்கு இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்ற பெயரில் ஓவிய ஆர்வலர் குழு ஒன்று இயங்கியது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், குறிப்பாக அதிகாரிகள், வணிகர்கள் வீட்டுப் பெண்மணிகள். உள்ளூர்க்காரர்களில் அப்துல்லா அரிஃபுக்கும் திருமதி லிம் செங் குங்குக்கும் மட்டுமே அதில் இடம் கிடைத்தது.

இதில் இருக்கும் முரணைப் பாருங்கள். பாரிஸில் அந்தப் பெயர், கதவு மூடப்பட்டவர்களின் பெயர். பினாங்கில் அதே பெயர் கதவை மூடியவர்களின் பெயராகிவிட்டது. கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் புகைப்படக்கூடம் நடத்திய யோங் முன் சென், இந்நாட்டு நீர்வண்ண ஓவியத்தின் முன்னோடி. அவர் அந்தக் குழுவில் இல்லை. 1930களில் உருவான பினாங்கு சீன ஓவியர் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவர் இருந்தார்.

அப்துல்லா அரிஃப் 1904இல் பினாங்கில் பிறந்தவர். ஓவிய ஆசிரியர், நம்மைப் போல் பள்ளிக்கூடத்து வாத்தியார்! அவர் கையாண்டது நீர்வண்ணம். அதில் வெள்ளை வண்ணம் பூசி வெளிச்சம் காட்டுவதில்லை. தாளின் வெண்மையே வெளிச்சம். எந்த இடத்தில் தூரிகை படக்கூடாது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் வண்ணம் காயவும் நேரம் பிடிக்கும். அதற்குள் வெயில் இடம் மாறிவிடும்.

அவருடைய புகழ்பெற்ற படம் 1960இல் வரைந்தது. 'பூமி யாங் பஹாகியா', அதாவது மகிழ்ச்சி நிறைந்த பூமி. படத்தின் பொருள் மலாயாவின் ஈயலம்பம். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். தென்னை மரமும் கடற்கரையும் வரைந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் தோண்டிப் போட்ட மண்ணை வரைந்தார். நாடு விடுதலை பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 'மகிழ்ச்சி நிறைந்த பூமி' என்ற தலைப்பைப் பெருமிதமாகவும் படிக்கலாம், கேள்வியாகவும் படிக்கலாம். அந்த மகிழ்ச்சி யாருக்குக் கிடைத்தது என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். அப்துல்லா அரிஃபும் யோங் முன் சென்னும் 1962ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள்.

7. திணையும் பொழுதும்

'பொழுதுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவைத் தமிழர் எப்போதோ சொல்லிவிட்டார்களே' என்று தமிழாசிரியர்கள் கேட்பது நியாயம்தான். முதற்பொருள் என்றாலே நிலமும் பொழுதும். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். மாலை வந்தால் காத்திருத்தல், நண்பகல் என்றால் பிரிவு.

ஆனா, 'மோனேவுக்கு முன்பே நாம்' என்று எழுதித் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டும் வெவ்வேறு. திணை மரபில் பொழுதின் உணர்வு புலவர்களின் பொது உடன்பாடு. முல்லை மாலை என்றதும் கேட்பவருக்குக் காத்திருப்பு புரிந்துவிடும். மோனேவுக்கு அப்படி உடன்பாடு எதுவும் இல்லை. இன்றைய மாலை நேற்றைய மாலை இல்லை என்பதே அவர் நிலை. ஆனாலும் நல்ல சங்கப் புலவன் உடன்பாட்டோடு நிற்கவில்லை. தான் கண்ட ஒரு பூவை, ஒரு பறவையை உள்ளே வைத்தான். அதனால்தான் அது இன்றும் புதிதாக இருக்கிறது. நம் மாணவர்களின் 'பொற்கதிர்' வாக்கியத்தில் இருப்பது உடன்பாடு மட்டும். பார்த்தது எதுவும் இல்லை.

8. வகுப்பறைக்கு

பீடோர் தித்திவங்சா மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே சூரியன் மலைக்குப் பின்னால்தான் எழும். வானம் முதலில் வெளுக்கும், மலை கருநீலமாகவே நிற்கும். சூரியன் முகடு தாண்டி வெளியே வரும்போது நல்ல உயரத்துக்கு வந்திருக்கும். அதனால் பல நாள்களில் அது சிவப்பாக இருக்காது, வெள்ளையாகக் கண் கூசும். பொன் நிறம் வேண்டுமென்றால் சாயங்காலம் மலையைப் பாருங்கள். மேற்கு வெயில் நேராக அதன் மேல் விழும்.

இதை வைத்து முன்பு சொன்ன வாக்கியத்தை மாற்றி எழுதினால் இப்படி வரலாம்:

'வானம் வெளுத்து வெகுநேரம் ஆகியும் மலை மட்டும் இன்னும் இருட்டாகவே இருந்தது. பழைய லம்பக் குட்டையின் நீர் வானத்தைவிட வெளிச்சமாகத் தெரிந்தது. திடீரென்று முகட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு. அடுத்த நிமிடம் என் நிழல் சாலையில் நீளமாக விழுந்தது.'

இதில் உவமை இல்லை, அடைமொழி அதிகம் இல்லை. ஆனா எழுதியவன் அங்கே நின்றிருக்கிறான் என்பது தெரிகிறது.

செயற்பாடு: மாணவர்கள் வீட்டருகே உள்ள ஒரு மரத்தையோ சுவரையோ தேர்ந்தெடுத்து, காலை 7.30, நண்பகல் 1.00, மாலை 6.30 என மூன்று வேளைகளில் பார்க்கட்டும். ஒவ்வொரு வேளைக்கும் மூன்று வாக்கியங்கள். 'அழகான', 'ரம்மியமான' என்ற சொற்களுக்குத் தடை. நிழலின் நிறத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் வண்ணத்தில் செய்யலாம். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் வீட்டில் இருந்தால், விடியற்காலை நிரையில் எது முதலில் கண்ணுக்குத் தெரியும் என்று அவரிடம் கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பதிலைச் சொல்ல இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் ஆள் இருப்பார்கள்.

பயிற்சி வினாக்கள்

1. இம்ப்ரெஷனிசம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றியதற்கான மூன்று காரணங்களை விளக்குக.
2. 'நிழல் கறுப்பு இல்லை.' இக்கூற்றைச் செவ்ரலின் கண்டுபிடிப்போடும் மோனேயின் ஓவியத்தோடும் தொடர்புபடுத்தி எழுதுக.
3. 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்ற பெயர் பாரிஸிலும் பினாங்கிலும் பெற்ற பொருளை ஒப்பிடுக.
4. திணை மரபில் பொழுது, மோனேயின் தொடர் ஓவியங்களில் பொழுது: ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் தருக.
5. உங்கள் ஊரின் ஒரு காலைப் பொழுதை 'கதிரவன்', 'பொற்கதிர்' என்ற சொற்கள் இல்லாமல் 120 சொற்களில் வருணித்து எழுதுக.